யோஜின் எல்லை தாண்டிய கதை: இவான் ம்லாடெக் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2008 ஜனவரியில் போலந்து நாட்டுக்காரர்கள் ஒரு பழைய வீடியோவை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். முப்பது வருடத்துக்கு முன், 1978-ல், பக்கத்து நாடான செக்கோஸ்லோவாக்கியாவின் தொலைக்காட்சியில் வந்தது. பாட்டு செக் மொழியில். பாடுகிறவர் கையில் பாஞ்சோ, கிதார் போன்ற ஒரு தந்திக் கருவி. முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை; காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுப்பதுபோல் ஒரே குரலில் கதையைச் சொல்லிக்கொண்டு போகிறார். அவர் பக்கத்தில் ஒரு மனிதர் கையையும் காலையும் வெட்டி வெட்டி ஆடுகிறார். அந்த ஆட்டத்துக்குப் பெயர் கிடையாது. பாடுகிறவர் அவரைக் கண்டுகொள்வதாகவே தெரியவில்லை.

பாட்டின் பெயர் 'யோஜின் ஸ் பாஜின்'. சதுப்பு நிலத்து யோஜின் என்று பொருள். எழுதிப் பாடியவர் இவான் ம்லாடெக். 1978-ல் அவருக்கு 36 வயது. போலந்து அவரைக் கண்டுபிடித்தபோது 66-ஐத் தொடப்போகிறவர். அந்த ஆண்டே அவருடைய குழு போலந்து மேடைகளில் ஏறியது. மேடையில் இருந்தவர்களுக்குப் பேரன் பேத்தி வயதுள்ளவர்கள், தங்களுக்குப் பாதிதான் புரிந்த மொழியில், கூடவே பாடினார்கள்.

இந்த நிகழ்வில் என்னைப் பிடித்து நிறுத்துகிற கேள்வி ஒன்றுதான். அந்தப் பாட்டைப்போல 'உள்ளூர்' பாட்டு ஒன்றைக் காண்பது அரிது. அதில் வரும் கார், ஊர், மது, பண்ணை, விமானம் எல்லாமே ஒரு சின்ன நாட்டின் ஒரு குறிப்பிட்ட காலத்துச் சாமான்கள். வெளியூர்க்காரனுக்கு ஒன்றுமே ஒட்டக்கூடாது. ஒட்டியது எப்படி?

பாஞ்சோ வந்த வழி

ம்லாடெக் பிறந்தது 1942 பிப்ரவரி 7, பிராகில். நாடு அப்போது ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்தது. படித்தது பிராகின் பொருளாதார உயர்கல்வி நிறுவனத்தில். கணக்கும் திட்டமும் படித்துவிட்டு அரசு நிறுவனம் ஒன்றில் மேசை போட்டு உட்கார்ந்திருக்க வேண்டிய ஆள். ஆனால் படம் வரைவதும் பழைய பாணி ஜாஸ் வாசிப்பதும் அவரை விடவில்லை. பாஞ்சோ அவர் கைக்கு வந்தது அந்த ஜாஸ் வழியாகத்தான்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. செக் நாட்டில் பாஞ்சோவுக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. 1964-ல் அமெரிக்கப் பாடகர் பீட் சீகர் பிராகுக்கு வந்து ஐந்து தந்தி பாஞ்சோ வாசித்துக் காட்டினார். அப்படி ஒரு கருவி நாட்டில் விற்பனைக்கே இல்லாத காலம். மார்கோ செர்மாக் என்ற இளைஞர் புகைப்படங்களைப் பார்த்தே ஒன்றைச் செய்து வாசிக்கத் தொடங்கினார். அங்கிருந்து செக் புளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற இசையின் ஒரு வகை) கிளம்பியது. இன்னொரு வாசல் டிக்ஸிலேண்ட் என்ற அந்தப் பழைய பாணி ஜாஸ். அங்கே பாஞ்சோவின் வேலை தாளத்தை விடாமல் தட்டிக்கொண்டிருப்பது. ம்லாடெக் இந்த இரண்டாவது வாசல்காரர். அவருடைய பாட்டுகளில் பாஞ்சோ வித்தை காட்டாது. கட்டைவண்டிக் காளைபோல ஒரே சீராக நடக்கும். மேலே கதை எவ்வளவு தாறுமாறாகப் போனாலும் கீழே அந்த நடை மாறாது. அவருடைய நகைச்சுவைக்கு அந்த மாறாத நடைதான் அடித்தளம் என்று நினைக்கிறேன்.

'பாஞ்சோ பேண்ட்' என்று குழு தொடங்கியது 1966-ல். இரண்டே வருடத்தில் நாட்டின் நிலைமை தலைகீழானது. 1968 ஆகஸ்ட் 21 அன்று சோவியத் தலைமையிலான படைகள் உள்ளே வந்தன. அதற்குப் பின் வந்த இருபது ஆண்டுகளை செக்காரர்கள் 'நார்மலிஸாட்ஸே' என்பார்கள்: எல்லாவற்றையும் பழையபடி ஒழுங்குக்குக் கொண்டுவருவதாம். தொழில்முறை இசைக்குழுக்கள் அதிகாரிகள் முன்னால் வாசித்துக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். அரசியல் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பெயர் வைத்திருந்த குழுக்கள் பெயரை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. 'கிரீன்ஹார்ன்ஸ்' என்ற பிரபலமான கன்ட்ரி இசைக்குழு 'ஸெலெனாச்சி' ஆனது அப்படித்தான். 1976-ல் 'பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் த யுனிவர்ஸ்' என்ற ராக் குழுவினரை நீதிமன்றத்தில் நிறுத்திச் சிறைக்கே அனுப்பினார்கள். அதன் எதிரொலியாக வந்ததுதான் மனித உரிமைகளைக் கேட்ட 'சாசனம் 77' என்ற அறிக்கை.

இதே எழுபதுகளில்தான் ம்லாடெக் நாடறிந்த ஆள் ஆனார். கரடிகளைப் பற்றியும், படகில் போகிற லாத்யா என்ற ஆளைப் பற்றியும், பாறை ஏறுகிறவர்கள் போகும் ப்ராகோவ் பாறைகளைப் பற்றியும் பாடினார். சிறை ஒரு பக்கம், கரடிப் பாட்டு ஒரு பக்கமா என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். அவர் எதிர்ப்பாளர் அல்ல. ஆனால் அன்றைய வானொலியில் ஒலித்த வெற்று உற்சாகப் பாட்டுகளின் பக்கத்தில் இவருடைய பாட்டை வைத்துப் பாருங்கள். இதில் யாரும் ஒளிமயமான எதிர்காலத்தை நோக்கி நடப்பதில்லை. சனிக்கிழமை வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகிறார்கள், வழி தவறுகிறார்கள், நனைகிறார்கள்.

அந்தச் சனிக்கிழமைப் பயணத்துக்கு செக் மொழியில் 'ச்சுண்டர்' என்று பெயர். முதல் உலகப்போருக்குப் பிறகு பிராக் நகர இளைஞர்கள் வார இறுதியில் ஆற்றங்கரைக் காடுகளுக்குப் போய், கூடாரம் அடித்து, தீ மூட்டி, கிதாரோடு பாடத் தொடங்கிய பழக்கம் அது. ஆட்சிகள் மாறின, அந்தப் பழக்கம் மாறவில்லை. ம்லாடெக்கின் பாட்டுகள் குடியிருக்கும் வீடு இதுதான். 'பிராக்–பிர்ச்சிட்ஸே நடைப்பயணம்' என்று அவருக்கு ஒரு பாட்டு உண்டு. அப்படி ஒரு நெடுநடை உண்மையிலேயே 1966 முதல் நடக்கிறது. நடந்து முடித்தால் பரிசு ஒரு குட்டி ஷூ. பிர்ச்சிட்ஸே என்ற ஊர்ப்பெயரோ, எரிச்சலில் வாயில் வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிவிட்டு அதற்குப் பதிலாகச் சொல்கிற சொல்போல ஒலிக்கும். இப்படி ஒரு ஊர் இருக்கும்போது ம்லாடெக் அதை விட்டுவைப்பாரா?

பாட்டைப் பிரித்துப் பார்த்தால்

இப்போது யோஜினுக்கு வருவோம். கதை இதுதான். பிராக்காரர் ஒருவர் கூடாரம் அடித்துத் தங்குவதற்காகத் தன் ஷ்கோடா 100 காரில் ஒராவாவுக்குக் கிளம்புகிறார். அவசரம். அதனால் துணிந்து மொராவியா வழியாகப் போகிறார். அங்கே சதுப்பிலிருந்து ஒரு பூதம் எழுந்து வந்து அட்டகாசம் செய்கிறது. அது முக்கியமாகப் பிராக்காரர்களைத்தான் தின்னும். பெயர் யோஜின்.

கொஞ்சம் நிறுத்துங்கள், இதற்குள்ளேயே எத்தனை விஷயம் வந்துவிட்டது! ஒராவா ஸ்லோவாக்கியாவின் வடக்கே, பெரிய ஏரி உள்ள பகுதி. பிராகிலிருந்து அங்கே போக, செக் பகுதியின் கிழக்கே உள்ள மொராவியாவைக் கடப்பதுதான் சாதாரண வழி. 'துணிந்து போகிறேன்' என்று சொல்வதில் அங்கேயே சிரிப்பு தொடங்கிவிடுகிறது. மொராவியர்களுக்கும் தலைநகர்க்காரர்களுக்கும் உள்ள உரசல் பழையது. பிராக்காரனை அவர்கள் 'பிராஜாக்' என்று சொல்லும் தொனியிலேயே தெரியும். அந்த உரசலுக்கு ம்லாடெக் பல் முளைக்க வைத்துவிட்டார்.

பூதத்தின் பெயரைப் பாருங்கள். யோசெஃப் என்ற பெயரை பிராக் பக்கம் செல்லமாகச் சுருக்கினால் 'பெபா', 'பெபீக்' என்பார்கள். மொராவியப் பக்கம் 'யோஜா', 'யோஜின்'. ஆக, பூதத்தின் பெயரைக் கேட்டதுமே அது எந்த ஊர் என்று தெரிந்துவிடுகிறது. பயங்கர மிருகத்துக்குப் பக்கத்து வீட்டு மாமாவின் பெயர். 'பாஜினா' என்றால் சதுப்பு. 'சதுப்புகளிலிருந்து' என்று சொல்லும்போது 'ஸ் பாஜின்' ஆகும். யோஜினும் பாஜினும் எதுகையாகப் பூட்டிக்கொள்கின்றன. பூதம் அந்த எதுகையிலிருந்தே பிறந்ததுபோல இருக்கிறது.

அடுத்து, விஸோவிட்ஸே போகும் வழியில் ஒரு கிராமம். அதைச் சொல்ல அவர் எடுப்பதும் 'ஜெதினா' என்ற மொராவிய வழக்குச் சொல். கூட்டுப்பண்ணைத் தலைவர் அவரை வரவேற்று ஸ்லிவோவிட்ஸே ஊற்றிக் கொடுக்கிறார். அது பிளம்ஸ் பழத்திலிருந்து வடிக்கும் மது. விஸோவிட்ஸே அதற்கே பேர்போன ஊர். குடித்துக்கொண்டே தலைவர் அறிவிக்கிறார்: யோஜினை உயிரோடோ பிணமாகவோ கொண்டுவருகிறவனுக்கு என் மகளைக் கட்டிக்கொடுத்து, கூட்டுப்பண்ணையில் பாதியும் தருவேன்.

என் பார்வையில் பாட்டின் உச்சம் இந்த வரிதான். அரக்கனைக் கொன்றவனுக்கு இளவரசியும் பாதி ராஜ்யமும் என்பது ஐரோப்பியத் தேவதைக் கதைகளின் வாய்ப்பாடு. பாதி ராஜ்யம் இருந்த இடத்தில் ம்லாடெக் பாதிக் கூட்டுப்பண்ணையை வைத்தார். கூட்டுப்பண்ணைகள் 1949 முதல் உருவானவை. பல குடும்பங்கள் தங்கள் நிலத்தை விருப்பத்தோடு கொடுத்துவிடவில்லை. சட்டப்படி பண்ணை உறுப்பினர்கள் எல்லோருக்கும் பொது. தலைவர் அதில் பாதியை மாப்பிள்ளைக்குச் சீதனமாக அறுத்துக் கொடுக்க வழியே இல்லை. ஆனால் கிராமத்தில் தலைவர் சிற்றரசர்போல நடந்துகொண்டால் அதை யாரும் விசித்திரமாகப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த வரி அன்றைய தொலைக்காட்சியில் தடையில்லாமல் ஒலித்தது. அதில் கோபம் இல்லை, குத்தல் தொனி இல்லை. பூதத்தைப் பற்றிச் சொன்ன அதே குரலில் இதையும் சொல்லிவிட்டுப் போனார். கேட்டவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று புரியாமல் இருந்திருக்காது.

அப்புறம், பூதத்தைப் பிடிக்கும் வழி. வாள் இல்லை, மந்திரம் இல்லை. வயலுக்குப் பூச்சிமருந்து தூவும் விமானம்தான்! யார் நினைத்திருப்பார்கள் என்று அவரே பல்லவியில் வியக்கிறார். பெரிய பெரிய பண்ணை வயல்களின் மேல் மருந்து தூவிப் பறக்கும் விமானம் அன்று அன்றாடக் காட்சி. அதற்கென்றே உள்நாட்டில் ஒரு விமானம் செய்தார்கள். பெயர் 'ச்மெலாக்', அதாவது குண்டுத்தேனீ. நம் நாயகர் தலைவரிடம் விமானமும் பொடியும் கேட்டு வாங்கி, காலையில் மேலே ஏறித் தூவுகிறார். யோஜின் உடம்பெல்லாம் வெள்ளையாகிச் சதுப்பை விட்டு ஓடி, ஒரு கல்லில் ஏறுகிறது. பிடித்தாகிவிட்டது. பிடித்த பிறகு? எந்தக் காசும் நல்ல காசுதான், மிருகக்காட்சிசாலைக்கு விற்றுவிடுவேன் என்று பாட்டு முடிகிறது. மகளைப் பற்றி ஒரு பேச்சு இல்லை, பாதிப் பண்ணையைப் பற்றியும் இல்லை. தேவதைக் கதை கடைசி வரியில் சந்தை வியாபாரமாக மாறிவிடுகிறது. மாறியதற்காகப் பாடுகிறவர் குரலை உயர்த்துவதும் இல்லை.

பாட்டு முழுக்கச் சின்னச் சின்னச் சொற்கள் அடுக்கடுக்காக ஓடுகின்றன. பல்லவியில் பூதம் ஊர்கிறது, ஊரை நெருங்குகிறது, பல்லைத் தீட்டுகிறது. கடிக்கிறது, உறிஞ்சுகிறது, கழுத்தை நெரிக்கிறது. கடைசி மூன்றும் மூன்றே சொற்கள், மூன்று அடி விழுவதுபோல. செக் மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில் விழும். அந்த இயல்பைப் பாஞ்சோவின் நடையோடு அப்படியே பூட்டியிருக்கிறார். 'கரடிகளுக்குத் தெரியாது' என்ற பாட்டின் தலைப்பும் இதே கைவேலைதான். 'மெத்வெடி நெவெடி' என்று கரடியும் அறியாமையும் ஒரே ஓசையில் முடியும். நாக்கில் உருட்டிப் பார்க்காமல் இவர் ஒரு தலைப்பும் வைத்ததாகத் தெரியவில்லை.

ஆடிய மனிதர்

வீடியோவில் ஆடுகிறவர் இவோ பெஷாக். 1944-ல் பிறந்தவர், கிளாரினெட் கலைஞர். ஆட்டக்காரராக இல்லாத ஒரு வாத்தியக்காரர் ஆடுகிறார் என்பதுதான் அதில் உள்ள அழகு. அசைவுகள் தாளத்தில் கச்சிதமாக விழுகின்றன. வாசிக்கத் தெரிந்த உடம்பு அது, அதனால் தாளம் ஒருபோதும் தப்பாது. ஆனால் அசைவு எங்கிருந்து எங்கே போகும் என்று ஊகிக்கவே முடியாது. முழங்கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். முகத்தில் மட்டும் முக்கியமான அரசாங்க வேலை ஒன்றைச் செய்கிறவரின் பொறுப்பு.

இரண்டு பேருமே சிரிப்பதில்லை. கவனிக்க வேண்டியது இதைத்தான். ஒருவர் கண்ணடித்திருந்தால், 'நாங்கள் வேடிக்கைதான் செய்கிறோம்' என்று ஒரு சின்னக் குறிப்பு கொடுத்திருந்தால், வீடியோ தன் காலத்தோடே போயிருக்கும். அவர்கள் கடைசிவரை அந்தக் கதையை நம்புகிறார்கள். வார்த்தை புரியாத ஒருவனுக்கும் அந்த நம்பிக்கை புரியும். ஒரு பக்கம் அசையாமல் கதை சொல்லும் மனிதர், இன்னொரு பக்கம் அசைந்துகொண்டே இருக்கும் மனிதர். இருவருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பூதம். செக் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாத நாளில் முதன்முதலாகப் பார்த்த எனக்கே ஏதோ ஆபத்து நடக்கிறது என்று விளங்கியது.

ஏன் போலந்து, ஏன் அப்போது

போலிஷும் செக்கும் பங்காளி மொழிகள். ஒன்று தெரிந்தவருக்கு மற்றது அரைகுறையாகக் காதில் விழும். அந்த அரைகுறைதான் சிரிப்புக்கு இடம். செக்காரர் 'செர்ஸ்ட்வீ' என்றால் புத்தம் புது ரொட்டி. போலந்துக்காரருக்கு அதே ஓசை, காய்ந்து இறுகிய பழைய ரொட்டி. செக் மொழியைக் கேட்டால் குழந்தை பேசுவதுபோல இருக்கிறது என்று போலந்துக்காரர்கள் அன்போடு சொல்வது வழக்கம். செக் நகைச்சுவையின் மேல் அவர்களுக்குத் தனிப் பிரியமும் உண்டு. ம்லாடெக்கின் பாட்டு அந்த இடத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தது: கார் புரிகிறது, பூதம் புரிகிறது, மற்றதை ஆட்டம் நிரப்பிவிடுகிறது. ஒராவாவும் அவர்களுக்கு அந்நியமான பெயர் இல்லை. அந்தப் பகுதியின் ஒரு துண்டு போலந்துக்குள்ளேயே இருக்கிறது.

உள்ளூர்ச் சரக்கு என்பதற்காகப் பாட்டு தங்கிவிடவில்லை, உள்ளூர்ச் சரக்கு என்பதாலேயே அது போனது என்பதுதான் என் முடிவு. 'ஒரு கார்', 'ஏதோ ஒரு ஊர்', 'ஒரு பானம்' என்று எல்லோருக்கும் பொதுவாக எழுதியிருந்தால் யோஜினுக்கு எடை இருந்திருக்காது. ஷ்கோடா 100, விஸோவிட்ஸே, ஸ்லிவோவிட்ஸே என்று ஒவ்வொன்றும் பெயரோடு நிற்பதால் பூதமும் அங்கே நிஜமாக நிற்கிறது. பெயர் தெரியாத கேட்பவருக்கும், பாடுகிறவருக்கு இது நன்றாகத் தெரிந்த இடம் என்பது குரலிலேயே தெரிந்துவிடுகிறது.

போலந்தில் அடுத்து நடந்தது இதற்குச் சாட்சி. 'கபரெட் பொட் விர்விக்ரோஷெம்' என்ற நகைச்சுவைக் குழு அதே மெட்டில் 'டோனால்ட் மாஜி' என்று ஒரு பாட்டை இறக்கியது. 'டோனால்ட் கனவு காண்கிறார்' என்று பொருள். டோனால்ட் என்பது 2007 நவம்பரில் பிரதமரான டோனால்ட் டுஸ்க். 'யோஜின் பாஜின்' ஓசைக்கு 'டோனால்ட் மாஜி' எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். ம்லாடெக் தன் ஊர்ச் சாமான்களை வைத்துக் கட்டிய வீட்டில் அவர்கள் தங்கள் ஊர்ச் சாமான்களை இறக்கிக்கொண்டார்கள்.

காலம் பற்றியும் ஒரு விஷயம். செக், ஸ்லோவாக்கியா, போலந்து மூன்றும் 2007 டிசம்பர் 21 அன்று ஷெங்கன் ஒப்பந்தப் பகுதிக்குள் வந்தன. எல்லைச் சாவடிகளில் பாஸ்போர்ட் பார்ப்பது நின்றது. அடுத்த சில வாரத்தில் யோஜின் போலந்துக்குள் போனது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், வீடியோவை ஏற்றிப் பரப்பியது இணையம்தான். ஆனாலும் இந்தத் தற்செயல் எனக்குப் பிடித்திருக்கிறது.

முன்னும் பின்னும்

ஒரே பாட்டுக்காரர் என்று ம்லாடெக்கை எண்ணிவிட வேண்டாம். செக் நாட்டில் அவர் ஐம்பது வருடத்துக்கும் மேலாக வீட்டு ஆள்போலத்தான். ஆரம்ப காலத்து இசைத்தட்டு ஒன்றுக்கு 'வணக்கம்' என்றும் இன்னொன்றுக்கு 'போய்வருகிறேன்' என்றும் பெயர் வைத்தார். யான் ம்ராஸெக், லென்கா ப்லச்கோவா, லிபுனா ரௌஸ்கோவா, மிலான் பிட்கின் என்று குழுவில் வந்துசேர்ந்த ஒவ்வொருவரும் தனக்கென ஒரு முகம் உள்ளவர்கள். ம்லாடெக் தன் பாட்டுகளைத் தானே பாடியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் பலவற்றை அவர்களுக்குக் கொடுத்தார். பின்னாளில் 'ச்சுண்டர்கன்ட்ரி ஷோ' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட்டுகளுக்கு நடுவே சின்ன நாடகங்களும் அரங்கேறின. படம் வரைவதையும் விடவில்லை, கண்காட்சிகளும் வைக்கிறார்.

2008-ல் போலந்து இளைஞர்கள் பார்த்த நாளில், அந்தப் பாட்டின் சாமான்களில் பெரும்பாலானவை இல்லாமல் போயிருந்தன. ஷ்கோடா 100 உற்பத்தி 1977-லேயே நின்றுவிட்டது. கூட்டுப்பண்ணைகளை 1992-ன் சட்டம் மாற்றியமைத்தது. 1993 ஜனவரி 1 அன்று நாடே இரண்டானது. பிராகிலிருந்து ஒராவா போனால் இப்போது வெளிநாட்டுப் பயணம். இளைய தலைமுறை செக்காரர்களுக்கே 'பாதிக் கூட்டுப்பண்ணை' என்றால் என்னவென்று பெரியவர்கள் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவோ பெஷாக் 2011 மே மாதம் இறந்தார். கிளாரினெட் கலைஞரான அவரை உலகத்தில் பல பேர் ஒரு ஆட்டத்துக்காக மட்டுமே அறிவார்கள், பெயர்கூடத் தெரியாமல். அந்த வீடியோவைத் திரும்பப் போடும்போது இப்போதெல்லாம் என் கண் பாடுகிறவரை விட்டுவிட்டு அவரிடமே போகிறது. பூதம் ஊரை நெருங்குகிறது என்ற வரி வரும்போது அவருடைய முழங்கால் மடங்குவதைப் பாருங்கள்.